ஒரு மேசைக்கு ஒரு பொதி

எட்டு என்ற எண்ணை எப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டால் யாருக்கும் சிரிப்புதான் வரும். எட்டை எட்டு மாதிரிதான் எழுதுகிறோம், இதில் கேட்க என்ன இருக்கிறது? ஆனால் தடய அறிவியல் ஆய்வகத்தின் ஆவணப் பிரிவில் போய் இப்படிச் சொல்லிவிடாதீர்கள். உங்களைப் பாவமாகப் பார்ப்பார்கள். மேலே தொடங்கி ஒரே இழுப்பில் வளைத்து முடிக்கிறவர் உண்டு. கீழேயிருந்து ஏறுகிறவர் உண்டு. முதலில் கீழே ஒரு வட்டம், அப்புறம் அதன் தலையில் தொட்டும் தொடாமலும் இன்னொரு வட்டம் என்று பொம்மை செய்கிறவரும் உண்டு. அப்படிப்பட்டவர் ஆயிரத்தில் ஒருவர் கிடைத்தால் அதிகம்.

அந்த ஆயிரத்தில் ஒருவரின் எட்டை, வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, இருபத்தைந்து வருடப் பழைய பதிவேடு ஒன்றில் பூதம் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பூதம் என்பது அவளுடைய பெயர் இல்லை. ஒன்பது வயதில் பழைய சாமான் கடையிலிருந்து பிடி உடைந்த பூதக்கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தாள். அன்று பிடித்தது சனி. யார் சர்க்கரை டப்பாவைத் திறந்தது, யார் எதிர்வீட்டு சைக்கிளில் காற்றைப் பிடுங்கியது என்று தெரு முழுக்கத் துப்புத் துலக்கினாள். கைரேகை எடுக்கிறேன் பேர்வழி என்று அம்மாவின் முகப்பவுடரில் பாதியை ஜன்னல் கண்ணாடியில் கொட்டினாள். தெருக்காரர்கள் 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்தார்கள், அம்மா அதைச் சுருக்கிப் 'பூதம்' ஆக்கினாள். பெரியவளானதும் என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டவர்களிடம் எல்லாம், "செத்தவங்க சொல்ல முடியாததை நான் கண்டுபிடிச்சுச் சொல்லப்போறேன்" என்பாள். கேட்டவர்கள் அடுத்த கேள்வி கேட்காமல் நடையைக் கட்டுவார்கள்.

அந்த வீட்டில் அது சாதாரண ஆசை இல்லை. அம்மா எட்டாவதோடு நிறுத்தியவள். துணிக்கடையை ஒட்டிய தையற்கடையில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் அப்பாவோ, பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர். எண் மட்டும் தெரியும், எழுத்து தெரியாது. எங்கே கையெழுத்துக் கேட்டாலும் கட்டைவிரலை நீட்டுவார். ஆகவே கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து, 'குடும்பத்தில் முதல் பட்டதாரியா?' என்ற பெட்டியில் பூதம் பெருமையோடு டிக் போட்டு வந்தாள். கட்டணச் சலுகையும் அதனால்தான் கிடைத்தது.

இப்போது மேற்படிப்பும் முடிந்து, ஆய்வகத்தில் ஆறு மாதப் பயிற்சியும் முடியப்போகிறது. இளநிலை ஆய்வாளர் வேலைக்கான பட்டியலில் அவள் பெயர் வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் ஒரு படிவத்தைக் கொடுக்க வேண்டும். தந்தையின் கல்வி: இல்லை. உறவினர் யாரேனும் இத்துறையில் பணிபுரிந்ததுண்டா: இல்லை. கீழே அப்பாவின் பெருவிரல் ரேகை. எல்லாம் தயாராக அவள் பையில் இருந்தது. பதினாலு வருட ஆசைக்கும் அவளுக்கும் நடுவே மூன்று நாள்தான் பாக்கி.

அன்று காலை பிரிவுத் தலைவி அவளைக் கூப்பிட்டு மூன்று தடித்த பதிவேடுகளைக் கொடுத்திருந்தாள். நேர்கோட்டிலேயே கோணல் கண்டுபிடிப்பவள் என்பதால் அவளுக்குப் பின்னால் எல்லோரும் 'கோடு மேடம்' என்பார்கள். முன்னால் யாரும் எதுவும் சொல்வதில்லை.

"ரெண்டு சட்டை, ரெண்டு சீட்டு. பழைய கொலை கேஸ்," என்றாள் கோடு மேடம். "கோர்ட்டு மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கு. இந்தச் சீட்டை எழுதின கை வேற எங்கயாவது இருக்கான்னு தேடு. அன்னிக்கு இருந்த நிரந்தர ஆளுங்க யார் கையும் இல்ல, பார்த்துட்டேன். தற்காலிகமா மூணு பேர் இருந்திருக்காங்க, அவங்க பேர் இருந்த ஃபைல் வெள்ளத்துல போச்சு. கிடைக்காதுன்னு எனக்கே தெரியும். இருந்தாலும் தேடினோம்னு இருக்கணும்ல?"

வழக்கு இதுதான். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், ஒரே காவல் நிலையத்திலிருந்து ஒரே நாளில் இரண்டு பொதிகள் வந்தன. இரண்டிலும் வெள்ளைச் சட்டை. ஒன்று, கொலை செய்ததாகப் பிடிக்கப்பட்ட இருபது வயது மெக்கானிக்கின் சட்டை. இன்னொன்று, லாரி மோதி இறந்துபோன ஒரு மனிதருடையது. மெக்கானிக்கின் சட்டையில் கொலையுண்டவரின் ரத்த வகை இருந்ததாக அறிக்கை போனது. ஆயுள் தண்டனை. அந்தக் காலத்தில் ரத்த வகையைத்தான் பார்க்க முடியும், அதற்கு மேல் முடியாது. விபத்து வழக்கில் ஓட்டுநரே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டதால் அந்தச் சட்டையை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. போன மாதம் இரண்டையும் மரபணு சோதனை செய்தார்கள். மெக்கானிக்கின் சட்டை என்று சீட்டுக் கட்டியிருந்ததில் இருந்த ரத்தம், லாரியில் அடிபட்டவருடையது. விபத்துச் சட்டை என்று கட்டியிருந்ததில் கிரீஸ் கறையைத் தவிர ஒன்றுமே இல்லை.

இதற்கு மேல் என்ன வேண்டும், விட்டுவிட வேண்டியதுதானே என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். ஆனால் அரசுத் தரப்பு வக்கீலுக்குத் தோன்றவில்லை. சாமான் அறை மூன்று முறை இடம் மாறியது, இரண்டு முறை வெள்ளம் புகுந்தது, சீட்டு அப்போது மாறியிருக்கும், கறையும் தண்ணீரில் கரைந்திருக்கும், ரத்த வகைச் சோதனை நடந்த நாளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்று ஒற்றைக் காலில் நின்றார். சட்டையை விவரித்த பழைய அறிக்கையும் வெள்ளத்தில் போய்விட்டதால், சீட்டு மாறியது முதல் நாளிலேயே என்று சொல்ல ஒரே ஒருவரால்தான் முடியும். அதைக் கட்டிய ஆள். அந்த ஆள் கிடைக்காவிட்டால் ஆய்வகம் எழுத வேண்டிய வாக்கியம் ஏற்கெனவே தட்டச்சாகித் தயாராக இருந்தது: 'ஒப்பிடப் போதிய மாதிரி இல்லாததால் கருத்துக் கூற இயலவில்லை.'

பூதம் சீட்டில் இருந்த எண்களைப் பார்த்தாள். 385. 386. பதிவேட்டிலும் அதே எண்கள். எட்டு, பொம்மை எட்டு. ஐந்துக்குத் தொப்பி கடைசியாகப் போடப்பட்டு, தலையில் உட்காராமல் பறந்துபோய்த் தள்ளி நின்றது. தேதியில் இருந்த ஏழுக்கு இடுப்பில் ஒரு சின்னப் பட்டை.

'எழுத்தை மாத்தி எழுத நூறு பேர் இருக்கான். எண்ணை மாத்தணும்னு ஒருத்தனுக்கும் தோணாது' என்பது கோடு மேடம் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்த பாடம்.

பூதம் மெல்ல எழுந்து, லென்ஸை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அவள் போட்டிருந்தது வேலைக்கென்று அப்பா புதிதாகத் தைத்துக் கொடுத்த மேல்சட்டை. இன்னும் ஒரு தண்ணீர்கூடப் பார்க்காதது. அடி மடிப்பை உள்பக்கமாகப் புரட்டினாள். சாக்பீஸ் எண்கள் அழியாமல் இருந்தன. 38. அதற்குக் கீழே 15.

லென்ஸை வைத்துப் பார்த்தாள். கீழே ஒரு வட்டம், அதன் தலையில் தொட்டும் தொடாமலும் இன்னொன்று. தொப்பி பறந்த ஐந்து.

ஒன்றிரண்டு ஒற்றுமையை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். அதற்காகவே வெளியே வந்து இன்னும் எட்டுப் பக்கம் தேடினாள். வேற்றுமை ஒன்றாவது கிடைக்காதா என்று தேடினாள். ஆறு மாதமாக ஒற்றுமை கிடைத்தால் துள்ளிக் குதித்தவள், அன்று வேற்றுமைக்காக ஏங்கினாள். பன்னிரண்டு ஒற்றுமை இருந்தது, வேற்றுமை மருந்துக்குக்கூட இல்லை. அந்த எண்களுக்குப் பக்கத்தில் எழுத்துகளும் இருந்தன. அழகான, சாய்ந்த, படித்தவனின் எழுத்து.

அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து அவளை அறைந்தது.

தையற்கடையில் அப்பாவுக்கு 'ஒத்தத்துணி மாஸ்டர்' என்று பெயர். வெட்டும் மேசைமேல் ஒரு நேரத்தில் ஒருவருடைய துணிதான் இருக்கும். அதை வெட்டி, மடித்து, கட்டி, சீட்டுக் குத்தி, அலமாரியில் வைத்த பிறகுதான் அடுத்ததைப் பிரிப்பார். வாடிக்கையாளர் குதித்தாலும் சரி, முதலாளி கத்தினாலும் சரி. ஆய்வகத்தில் சேர்ந்த முதல் நாள், சுவரில் 'ஒரு மேசைக்கு ஒரு பொதி' என்று எழுதியிருந்ததைப் பார்த்து பூதம் சிரித்துவிட்டாள். எங்கப்பாவும் இப்படித்தான் மேடம், படிக்காதவர், ஆனா இதே ரூல்தான் என்று பீற்றிக்கொண்டாள். அன்று சாயங்காலம் வீட்டில் அதைச் சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை. அவள் இந்த ஆய்வகத்தில் சேர்ந்த வாரம் அவருக்கு மூன்று நாள் காய்ச்சல் வேறு. சந்தோஷத்தில் வந்த காய்ச்சல் என்றாள் அம்மா. பாலத்துக்கு இந்தப் பக்கம், ஆய்வகம் இருக்கும் பக்கம், அப்பா ஒரு நாளும் வந்ததில்லை.

மதியம் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வராந்தா பெஞ்சில் வழக்கமான அக்கா உட்கார்ந்திருந்தாள். மெக்கானிக்கின் அக்கா. ஐம்பதை நெருங்கும் வயது. போன மாதத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள் வந்துவிடுகிறாள். மடியில் ஒரு பை, அதில் மனுவின் நகல்கள், ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா. ஒரு மணி ஆனால் டப்பாவைத் திறந்து, யாருக்கும் தொந்தரவில்லாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிச் சாப்பிடுவாள்.

"என்ன பாப்பா, எங்க தம்பி பேப்பர் நகருதா?" என்று கேட்டாள். "இருவது வயசுல உள்ள போனான். இப்ப அவனுக்கு முடியெல்லாம் கொட்டிப் போச்சு. போன தடவை பார்க்கப் போனப்ப என்னையே அடையாளம் தெரியலன்னுட்டான். கண்ணு தெரியல போல."

"பார்த்துட்டு இருக்கோம்க்கா," என்றாள் பூதம்.

தையற்கடையில் அப்பா யாருடைய காற்சட்டையையோ வெட்டிக்கொண்டிருந்தார். மூலையில் அம்மா பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அன்றைய செய்தித்தாள் மடித்துக் கிடந்தது. தினமும் மதியம் அம்மா அதை வரிக்கு வரி அவருக்குப் படித்துக் காட்டுவாள். கோர்ட்டுச் செய்தி என்றால் இரண்டு தடவை படிக்கச் சொல்வார்.

"என்னடி, பேய் அறைஞ்ச மாதிரி வர்ற?" என்றாள் அம்மா.

பூதம் மேசைக்கு எதிரே நின்று தன் சட்டையின் அடி மடிப்பைப் புரட்டிக் காட்டினாள்.

"அப்பா, இந்த எட்டை இன்னிக்கு வேற ஒரு இடத்துல பார்த்தேன்."

"எட்டு எல்லாரும் போடறதுதானேம்மா," என்றார் அப்பா. ஆனால் கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றுவிட்டது.

"பழைய பதிவேட்டுல. ஒரே நாள்ல ரெண்டு பொதி. ரெண்டுலயும் வெள்ளைச் சட்டை. முந்நூத்தி எண்பத்தஞ்சு..." என்று சொல்லி நிறுத்தினாள்.

கண்ணை மூடிக்கொண்டு அப்பா சொன்னார். "முந்நூத்தி எண்பத்தாறு."

பூதம் நின்ற இடத்திலேயே துணிக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அதுவரைக்கும் அவளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. அப்பா ஒரு போடு போட்டு, பைத்தியமா உனக்கு என்று சிரித்துவிடுவார், எல்லாம் சரியாகிவிடும் என்று. அந்த ஆசையில் மண் விழுந்தது.

"என்ன நம்பரு? என்ன பேசிக்கறீங்க ரெண்டு பேரும்?" என்று அம்மா எழுந்து வந்தாள்.

அப்பா கத்தரிக்கோலை ஓரமாக வைத்தார். அப்போதும் துணியை ஒழுங்காக மடித்துத்தான் வைத்தார்.

"நான் அங்கதான் வேலை பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னாடி. கெமிஸ்ட்ரி படிச்சிருந்தேன். டிகிரி. எங்க குடும்பத்துலயே மொத ஆளு நான்தான். தற்காலிகமாத்தான் எடுத்தாங்க. வர்ற பொதியப் பிரிச்சு, எழுதி, சீட்டுக் கட்டி உள்ள அனுப்பணும். ரெண்டு வருஷத்துல ஆய்வாளர் பரீட்சை எழுதலாம்னு இருந்தேன். ராப்பகலா படிச்சேன். உன்ன மாதிரியேதாம்மா, வெறி."

அம்மாவின் கையிலிருந்து ஊசி நழுவியது.

"அன்னிக்கு அவசரத்துல ரெண்டு பொதியையும் ஒரே மேசையில பிரிச்சுட்டேன். ரூல் தெரியும். தெரிஞ்சேதான் பிரிச்சேன். ஒரு சட்டையில மேல் பித்தான் மட்டும் பச்சை நூல்ல தைச்சிருந்துச்சு. வீட்டுக்காரம்மா தைச்சிருப்பாங்க போலன்னு நெனச்சேன். அது லாரி கேஸ் சட்டை. ஒரு மாசம் கழிச்சு, கொலை கேஸ் அறிக்கையோட நகல் ஃபைல் பண்ண எங்கிட்ட வந்துச்சு. படிக்கறேன், 'மேல் பித்தான் பச்சை நூலால் தைக்கப்பட்ட வெள்ளைச் சட்டை'ன்னு இருக்கு. எனக்கு அப்படியே உயிர் போயிடுச்சு."

"போய்ச் சொல்ல வேண்டியதுதானே!" என்று பூதம் கத்தினாள்.

"சொல்லல. இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். சொன்னா வேலை போகும், பரீட்சையும் எழுத முடியாது. கோர்ட்டுல எப்படியும் வேற சாட்சி இருக்காது, விட்டுருவாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். விடல. தீர்ப்பு வந்த அன்னிக்கு எந்திரிச்சு வந்தவன்தான். சர்ட்டிபிகேட்டை அடுப்புல போட்டேன். இந்தக் கையால இனி ஒரு எழுத்து எழுத மாட்டேன்னு முடிவு பண்ணேன். படிக்காதவன்னு சொல்லி இந்தக் கடையில சேர்ந்தேன். எண்ணு மட்டும்தான் விடல. அளவு எழுதணுமே."

"அப்படி என்னப்பா அவசரம் அன்னிக்கு?"

அப்பா தலையை ஆட்டினார். "அதை மட்டும் கேக்காதம்மா. வெக்கமா இருக்கு."

யாராவது மிரட்டியிருப்பார்களோ, யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருந்திருக்குமோ என்று பூதம் தனக்குள் அப்பாவுக்காக ஒரு காரணம் தேடினாள். பெற்ற மனம் பித்து என்பார்கள், பெற்றவருக்காகப் பிள்ளை மனம் படும் பாட்டை யாரும் சொல்வதில்லை.

அம்மாதான் முதலில் வெடித்தாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு குரலில் கத்தினாள். "இருபத்துநாலு வருஷமா பேப்பரைத் தொண்டை கிழியப் படிச்சேனே! பஸ் போர்டைப் படிச்சேன், மருந்துச் சீட்டைப் படிச்சேன், கல்யாணப் பத்திரிகையப் படிச்சேன்! எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிக்கறப்ப தப்பாப் படிச்சிருப்பேனே, அப்பல்லாம் உள்ளுக்குள்ள சிரிச்சீங்களா? டிகிரியாம் டிகிரி!"

"சிரிக்கல," என்றார் அப்பா. "நீ தப்பில்லாமத்தான் படிச்ச."

அம்மா செய்தித்தாளை எடுத்து அவர் முகத்தை நோக்கி வீசினாள். அது மேசைமேல் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

பூதம் எழுந்து நின்றாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "நாளைக்கு நான் மேடம்கிட்ட சொன்னா எனக்கு வேலை கிடையாது. மொதல் பட்டதாரின்னு சலுகை வாங்கினதும் பொய்யாயிடும். உங்களை என்ன பண்ணுவாங்கன்னே தெரியல. சொல்லலன்னா ஒண்ணுமே ஆகாது. 'கருத்துக் கூற இயலவில்லை'ன்னு அடிச்சு ரெடியா இருக்கு. நான் சும்மா இருந்தாப் போதும். நீங்க சும்மா இருந்த மாதிரி."

அப்பா அவளைப் பார்க்கவே இல்லை. "உன் இஷ்டம்மா," என்றார்.

பூதத்துக்குக் கோபம் தலைக்கேறியது. "என் இஷ்டமா? அந்தாளு இருபத்தஞ்சு வருஷமா அவர் இஷ்டத்துலயா உள்ள இருக்காரு?"

அப்பா அந்தக் காற்சட்டையை மறுபடி பிரித்தார், கத்தரிக்கோலை எடுத்தார், வைத்தார். அன்று அதை அவரால் வெட்ட முடியவில்லை.

மறுநாள் காலை அவள் கண் விழித்தபோது அப்பா வீட்டில் இல்லை. செருப்பு இல்லை. இருப்பதில் நல்ல சட்டையும் இல்லை. கடைக்கு ஆள் அனுப்பிக் கேட்டாள் அம்மா, அங்கேயும் வரவில்லை. அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புதான். ஒரு தரம் ஓடிய மனிதர், மறுபடியும் ஓடிவிட்டார்.

"போயிட்டாரு," என்றாள் அம்மா.

பாலத்தில் பேருந்து ஊர்ந்தபோது பூதம் பையிலிருந்த படிவத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்பாவே ஓடிவிட்டார், இனி நான் சொல்லி என்ன ஆகப்போகிறது? கையெழுத்தை அடையாளம் காட்டினாலும் ஆள் இல்லை. ஆள் இல்லாமல் மெக்கானிக் வெளியே வரப் போவதில்லை. வேலை மட்டும் போகும். கணக்கு கச்சிதமாகத்தான் வந்தது. அதே கணக்கைத்தான் ஒருவர் இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் போட்டிருக்கிறார் என்று தோன்றியதும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

கோடு மேடத்தின் அறைக்கு நேரே போனாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"மேடம், அந்தச் சீட்டை எழுதினது எங்கப்பா."

கோடு மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். இருபது வருடமாக அடுத்தவர்களின் அதிர்ச்சியைக் காகிதத்தில் படித்த பெண்மணிக்கு, எதிரே நிற்கும் அதிர்ச்சிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பூதம் எல்லாவற்றையும் சொன்னாள். பச்சை நூலைச் சொன்னாள். சட்டையின் மடிப்பைக் காட்டினாள்.

"இந்த நிமிஷத்துலேருந்து அந்தப் பதிவேட்டை நீ தொடக் கூடாது," என்றாள் கோடு மேடம் கடைசியில். "அந்தப் படிவத்தை எடு."

பூதம் எடுத்தாள். 'தந்தையின் கல்வி' என்ற இடத்தில் இருந்த 'இல்லை'யை ஒரு கோடு போட்டு அடித்து, 'வேதியியல் பட்டம்' என்று எழுதினாள். துறையில் உறவினர் என்ற இடத்திலும் அடித்தாள். முதல் பட்டதாரி என்று பதினெட்டு வயதிலிருந்து சொல்லிக்கொண்டு திரிந்தவள், இரண்டு கோட்டில் இரண்டாவது ஆளானாள்.

"பட்டியல்ல உன் பேர் இனிமே இருக்குமான்னு எனக்குத் தெரியாது. இருக்கும்னு பொய் சொல்ல மாட்டேன்," என்றாள் கோடு மேடம். "ஆனா ஆள் நேர்ல வந்து எழுதிக் காட்டினாத்தான் கோர்ட்டுல நிக்கும். எங்க உங்கப்பா?"

"தெரியல மேடம். காலையிலேருந்து காணோம்."

கோடு மேடம் எழுந்து அறைக் கதவைத் திறந்துவிட்டாள், காற்று வரட்டும் என்றோ என்னவோ. வராந்தாவிலிருந்து பெஞ்சு அக்காவின் குரல் கேட்டது.

"கொஞ்சம் இதப் படிச்சுச் சொல்றீங்களா அண்ணே? கண்ணாடியை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன். புது வக்கீல் எழுதிக் குடுத்தது. என்ன எழுதியிருக்காருன்னே தெரியாமக் கொண்டுவந்து நீட்டறேன்."

பதிலுக்கு ஓர் ஆண் குரல் படிக்க ஆரம்பித்தது. தடங்கல் இல்லாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஒரு வாத்தியாரைப் போல. "'ஐயா, என் தம்பி இருபத்தைந்து ஆண்டுகளாகத் தான் செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் இருக்கிறான். அவனுடைய சட்டையில் ரத்தம் இருந்ததாகச் சொல்லப்பட்டது...'"

பூதத்துக்கு அந்தக் குரல் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் அது படித்து அவள் கேட்டதே இல்லை. வாசலுக்கு ஓடினாள்.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடம் விடுவதற்காக அக்கா தன் பையைத் தரையில் இறக்கி வைத்திருந்தாள், சாப்பாட்டு டப்பாவை மட்டும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கழுத்தில் இஞ்சு டேப் இல்லை. சட்டைப்பையில் ஒரு பேனா இருந்தது, புதிது. விலைச் சீட்டுக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

"'...அந்த ரத்தம் வேறொருவருடையது. என் தம்பி நிரபராதி.'" அப்பா அங்கே நிறுத்தினார். மகள் வாசலில் நிற்பதைப் பார்த்தார். மனுவை அதன் மடிப்பிலேயே மடித்து, இரண்டு கையாலும் அக்காவிடம் கொடுத்தார்.

"நல்லாப் படிக்கறீங்கண்ணே," என்றாள் அக்கா. "நீங்களும் ஏதாவது கேஸுக்கா வந்திருக்கீங்க?"

"உங்க தம்பி கேஸுக்குத்தாம்மா வந்திருக்கேன். இதுல எழுதியிருக்கறது அத்தனையும் உண்மை. அந்தச் சீட்டை மாத்திக் கட்டினவன் நான்."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. பாதிச் சிரிப்போடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிந்தபோது அந்தச் சிரிப்பை எடுக்கக்கூட அவளுக்குத் தெரியவில்லை, அது அப்படியே முகத்தில் நின்றுபோனது. கத்துவாள், சட்டையைப் பிடிப்பாள் என்று பூதம் பயந்தாள். அவள் எதுவும் செய்யவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

"ஏன்?"

அப்பா எழுந்து நின்றார். மகள் கேட்டும் சொல்லாததை, அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் இருக்க அவருக்கு வழியில்லை.

"பசிம்மா," என்றார். "ஒரு பொதிய முடிச்சுட்டு அடுத்ததைப் பிரிக்கணும். அதுக்குள்ள சாப்பாட்டு மணி அடிச்சுட்டாங்க. ரெண்டையும் சேர்த்து முடிச்சுட்டா உடனே போய்ச் சாப்பிடலாம்னு பார்த்தேன். அவ்வளவுதான். வேற ஒண்ணுமே இல்ல."

மிரட்டல் இல்லை, நோய் இல்லை, சதி இல்லை. தான் தேடி வைத்திருந்த காரணங்களில் ஒன்றாவது உண்மையாக இருந்திருக்கக் கூடாதா என்று பூதம் ஏங்கினாள்.

அக்கா குனிந்து, தன் மடியில் இருந்த சாப்பாட்டு டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.